செய்தித் தளங்களில் ‘கட்டணச் சுவர்’ என்றால் என்ன? அது ஏன் வந்தது?

கட்டணச் சுவர் என்பது சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் முழுச் செய்தியையும் திறந்துவிடும் ஏற்பாடு. சில தளங்கள் மாதத்துக்கு இத்தனை கட்டுரை இலவசம் என்று விட்டு, அப்புறம் மூடும். நியூயார்க் டைம்ஸ் 2011இல் கொண்டுவந்தது இந்த வகைதான்.

காரணம் விளம்பரம். அச்சுக் காலத்தில் பல நாளிதழ்களின் செலவில் பெரும்பகுதியை விளம்பரதாரர்களே சுமந்தார்கள். வேலை, வீடு போன்றவற்றுக்கான சின்னச் சின்ன வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. மற்ற விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு கூகுள், ஃபேஸ்புக் பக்கம் போனது. ஒரே வீட்டில் தங்கி வாடகையில் முக்கால்வாசி கொடுத்தவர் திடீரென்று காலி செய்துவிட்டுப் போனதைப் போல. மீதி இருப்பவர், இங்கே வாசகர், கூடுதலாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன இடத்துக்கு மாற வேண்டும். செய்தி நிறுவனத்துக்குச் சின்ன இடம் என்றால் நிருபர்களைக் குறைப்பது. அப்போது எளிதில் அடிபடுவது, ஒரு ஊழலை மாதக்கணக்கில் தோண்டும் புலனாய்வு வேலை. என் பெரிய கவலை இதுதான்: அந்த வேலை நின்றுபோனால், எது வெளிவரவில்லை என்பதுகூட நமக்குத் தெரியாது.

சுவர் மட்டுமே வழி இல்லை. பிரிட்டிஷ் நாளிதழான தி கார்டியன் தன் இணையதளத்தைத் திறந்தே வைத்து, வாசகர்களிடம் விருப்ப நன்கொடை கேட்கிறது.

‘இணையத்தில் செய்தி போடச் செலவே இல்லையே’ என்று பலர் நினைக்கிறார்கள். மிச்சமாவது தாளும் அச்சும் விநியோகமும்தான், செய்தி சேகரிப்பவரின் சம்பளம் அப்படியே இருக்கிறது.