குதிரைக்கு மூட்டுவலிப் பொடி: எந்த டப்பாவை வாங்குவது?

கேள்வி: டாக்டர், நான் பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் இருக்கிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 19 வயது ஆண்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். வலது முன்காலில், குளம்புக்கு மேலே உள்ள மூட்டில் ஆர்த்ரைட்டிஸ் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது கால் விறைப்பாக இருக்கிறது, பத்து நிமிடம் நடந்தால் இளகிவிடும். ஆன்லைனில் பார்த்தால் மூட்டுக்கென்று இருபது வகைப் பொடி. என் மாமாவோ மனிதர் சாப்பிடும் குளுக்கோசமின் மாத்திரையே போதும், கூட மஞ்சளும் மிளகும் போடு என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: நல்ல வேளை, எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கொள்ளு என்றால் வாயைத் திறப்பது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்வது கதைதான். பொடிக்கு 300 ரிங்கிட் உடனே வெளியே வரும், எக்ஸ்ரே என்றால் "அடுத்த மாசம் பார்ப்போம் டாக்டர்". நடந்தால் இளகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஆர்த்ரைட்டிஸுக்குப் பொருந்துகிறது. நடக்க நடக்க, அதிலும் கெட்டித் தரையில், வலி கூடிக்கொண்டே போனால் குளம்புக்குள் அழற்சியா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும், அதற்குப் பொடி எதுவும் உதவாது.

மாமாவின் மாத்திரைக்கு வருவோம். 500 கிலோ குதிரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளுக்கோசமின் நாளைக்கு 10 கிராம். ஃபார்மசி மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 20 மாத்திரை, 60 மாத்திரை டப்பா மூன்றே நாளில் காலி. சரி, கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதெல்லாம் ரத்தத்துக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. குதிரைகளில் அளந்து பார்த்தபோது 100 பங்கில் சுமார் 6 பங்குதான் போயிருக்கிறது, இன்னொரு ஆய்வில் அதற்கும் குறைவு. 2014-இல் வெளியான ஒரு ஆய்வில் வயதான குதிரைகளுக்கு மூன்று மாதம் மூட்டுப் பொடிகளில் வழக்கமாகச் சேர்க்கும் குளுக்கோசமின், காண்ட்ராய்டின், எம்எஸ்எம் மூன்றும் கலந்த கலவையைக் கொடுத்தும் நடையில் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் உங்கள் பணத்துக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். மஞ்சளும் அப்படித்தான், அதிலுள்ள குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஒரு சிட்டிகை போட்டு மாமாவின் மனதைக் குளிர வையுங்கள், கைப்பிடி கைப்பிடியாக வேண்டாம்.

நானாக இருந்தால் எதை வாங்குவேன்? ஒமேகா 3. அதிலும் மீன் எண்ணெய் அல்லது நுண்பாசிப் பொடியிலிருந்து வரும் டிஎச்ஏ, இபிஏ வகை. ஆளிவிதை எண்ணெயில் இருப்பது வேறு வகை ஒமேகா 3, அதைக் குதிரையின் உடம்பு கொஞ்சமாகத்தான் இந்த வகையாக மாற்றும். டிஎச்ஏ தீவனத்தோடு போனால் மூட்டுக்குள் இருக்கும் திரவம் வரைக்கும் போய்ச் சேருவதைப் பார்த்திருக்கிறார்கள், அந்த அளவுக்காவது ஆதாரம் இருக்கிறது. ஒன்று மட்டும், மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்காத குதிரையை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் பொடியிலேயே ஆரம்பியுங்கள். எண்ணெய் என்றால் சின்னப் போத்தலாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர்ச் சூட்டுக்குத் திறந்த போத்தல் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும்.

வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 10,000 மில்லிகிராம் என்று இருக்கும், பின்பக்கம் பார்த்தால் அது ஒரு கிலோ பொடிக்கு. ஒரு கரண்டி 30 கிராம் என்றால் உள்ளே போவது 300 மில்லிகிராம்தான். எனவே நாளைக்கு எத்தனை கிராம், அதற்கு எத்தனை ரிங்கிட், இந்த இரண்டு கணக்கையும் போட்டபிறகு பணத்தை எடுங்கள். லேபிளையும் முழுசாக நம்ப முடியாது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளுக்கான 23 குளுக்கோசமின் தயாரிப்புகளைச் சோதித்ததில் 9-இல் எழுதியதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அப்புறம் செலினியம். தீவனத்திலும் இருக்கும், வைட்டமின் பொடியிலும் இருக்கும், மூட்டுப் பொடியிலும் சில கம்பெனிகள் சேர்த்திருப்பார்கள். குதிரைக்குத் தேவையோ நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். அளவுக்கு மேல் கூடிக்கொண்டே போனால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பு வெடிக்கும். எல்லா டப்பாவையும் வரிசையாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். போட்டிக்கு இறக்குகிற குதிரை என்றால் டெவில்ஸ் கிளா மூலிகை இருக்கிற எதையும் தொடாதீர்கள், பரிசோதனையில் மாட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன்பு ஒரு கிழட்டுக் குதிரைக்கு மூன்று பொடியை ஒன்றாக எழுதிக் கொடுத்தேன், ஒரே மாதத்தில் நடை தேறிவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் (சைஸ்) ஒரு தமிழ்ப் பெரியவர், மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், அந்த வாரம்தான் நான் குளம்பைச் சீவி லாடத்தையும் மாத்தினேன்." நீண்டு போயிருந்த குளம்பு சரியானதும் மூட்டின் மேல் இருந்த சுமை குறைந்திருக்கிறது. உங்கள் குதிரைக்கும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவுகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

எடையையும் பாருங்கள். தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவை அதாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 175, நீளம் 160 என்றால் சுமார் 412 கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை என்றால் இளைக்க வைப்பதுதான் எந்தப் பொடியையும்விட நல்ல மருந்து.

நம் பக்கத்தில் எல்லாரும் மறக்கிற ஒன்று, புல். வெட்டிப் போடுவது நேப்பியரும் செட்டாரியாவும், மேலே கொஞ்சம் தவிடு, இல்லையா? அந்தப் புற்களில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும், அப்போது இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறொரு கால் என்று நொண்டும். உங்கள் குதிரைக்கு ஒரே கால்தான், இருந்தாலும் தீவனக் கணக்கை உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வலி மருந்து தேவைப்பட்டால் அதையும் அவரே எழுதட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். ஒரு வலி மருந்து போய்க்கொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சேர்க்கவே கூடாது, வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் வரும், சிறுநீரகமும் போகும். மூட்டுக்குள் போடுகிற ஊசிகளும் இருக்கின்றன, அதற்கு உங்கள் குதிரை ஆளா என்று எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு அவரால் சொல்ல முடியும்.

இரவு முழுக்கச் சிமெண்டுத் தரையில் அடைத்துவைத்தால் காலையில் கால் விறைக்கத்தான் செய்யும். ரப்பர் பாய் போடுங்கள், முடிந்த மட்டும் வெளியே விட்டுவையுங்கள், தினமும் நிதானமாக நடக்க விடுங்கள். பொடி ஆரம்பிக்கிற அன்று காலை, லாயத்தை விட்டு வரும் முதல் இருபது அடியைப் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் பிடியுங்கள். எட்டு வாரம் கழித்து அதே நேரம், அதே தரை, அதே பக்கம் நின்று இன்னொன்று எடுத்து, இரண்டையும் இந்தக் குதிரையைப் பார்த்திராத யாரிடமாவது எது முதலில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டுங்கள். அவர் சரியாகச் சொல்லவில்லை என்றால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள்.