வெறும் குறியீடா?

கேள்வி: ரொமான்டிக் (கற்பனாவாத) கவிஞர்கள் இயற்கையை நேரில் பார்த்து எழுதினார்கள், சிம்பாலிஸ்டுகளுக்கு (குறியீட்டியக் கவிஞர்களுக்கு) அது வெறும் குறியீடுதான் என்கிறார்களே, சரியா?

பதில்: இந்த 'வெறும்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கு விற்கிற நோட்ஸிலிருந்து. பல வருஷமாக அதோடு எனக்குச் சண்டை. வெறும் சோறு என்றால் குழம்பு இல்லை, வெறுங்கை என்றால் கையில் ஒன்றுமில்லை. சிம்பாலிஸ்டுகளுக்கு முன்னோடியான பிரெஞ்சுக் கவிஞர் போதலேரிடம் என்ன இல்லை? 1857இல் வந்த 'தீமையின் மலர்கள்' தொகுப்பில், சிம்பாலிஸ்டுகள் பின்னால் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை, இருக்கிறது. அதில் இயற்கை ஒரு கோயில், தூண்களுக்கு உயிர் உண்டு, அவ்வப்போது புரிந்தும் புரியாமலும் ஏதோ பேசும். சில வாசனைகள் குழந்தையின் மேனிபோலப் புதிது, ஓபோ என்ற ஊதுகருவியின் இசைபோல இனிமை, புல்வெளிபோலப் பச்சை என்கிறார். மூக்கில் ஏறுவது காதில் கேட்கிறது, கண்ணில் தெரிகிறது. இதையா வெறும் என்பது?

செடிகொடியைப் பார்த்து உருக அவருக்கு வராது என்பது உண்மைதான். பிரான்ஸின் ஃபோந்தன்புளோ காட்டைப் பற்றி 1855இல் வந்த ஒரு தொகுப்புக்கு இயற்கைக் கவிதை கேட்டவருக்கு, தனக்கு அது வராது என்று எழுதிவிட்டு, நகரத்து அந்தியையும் விடியலையும் பற்றிய கவிதைகளை அனுப்பினார். உருகவில்லை என்பதால் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம் அந்த 'நேரில் பார்த்து'. ரொமான்டிக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த் இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் மஞ்சள் நிற டாஃபடில் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15. கவிதை எழுதியது 1804இல், நினைவிலிருந்து. மேகம்போலத் தனியாக அலைந்தேன் என்கிறார், ஆனால் அன்று கூடவே நடந்தவர் தங்கை டோரதி. பூக்கள் ஆடின, காற்றோடு சேர்ந்து சிரிப்பதுபோல இருந்தன என்று முதலில் எழுதி வைத்தது டோரதியின் நாட்குறிப்புதான். மனக்கண்ணில் பூக்கள் பளிச்சிடும் அந்த இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை, கவிதையிலேயே சிறந்தவை அவைதான் என்று வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார். டோரதிக்கு மட்டும் கவிதையில் இடமில்லாமல் போனது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முடிந்தால் அந்த நாட்குறிப்பைத் தேடிப் படியுங்கள். பாசி படிந்த கற்களுக்கு நடுவே சில பூக்கள் களைத்துப்போய், கல்லையே தலையணையாக்கித் தலை சாய்த்திருந்தன என்று எழுதுகிறார். அண்ணனின் கவிதையில் எல்லாப் பூவும் ஆடுகிறது, களைத்த பூ ஒன்றுகூட இல்லை.