பார்க்கிங்கில் இடித்த கார்: இன்ஷூரன்ஸில் கேட்பதா, கைக்காசு போடுவதா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறோம். கார் என் பெயரில்தான், 1,200 சி.சி., வாங்கி ஐந்து வருடம் ஆகப்போகிறது. இதுவரை ஒரு கிளெய்ம்கூட போட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் பேஸ்மென்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து, பக்கத்து வீட்டுக்காரர் காரின் கதவையும் உரசிவிட்டான். அவனிடம் எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கிறது. பக்கத்து சீட்டில் என் கணவர் இருந்தார். எங்கள் வண்டிக்கு வொர்க்‌ஷாப்பில் 18,500 ரூபாய் எஸ்டிமேட். 'அப்பா ஓட்டியதாக எழுதிவிடுங்கள், கிளெய்ம் சுலபமாக வந்துவிடும்' என்கிறார் அங்கே இருப்பவர். பக்கத்து வீட்டுக்காரர் 15,000 ரொக்கமாகக் கேட்கிறார், இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவாராம். 'தவறு எங்களுடையது, முழுச் செலவும் தருகிறோம்' என்று என் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் பாலிசி புதுப்பிக்க வேண்டும். கிளெய்ம் போடலாமா?

பதில்: உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சட்டம் தடுக்கிறது என்பதற்காக அல்ல, கணக்கு கட்டுப்படியாகவில்லை என்பதற்காக.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை எடுத்துக்கொள்வோம். பின் பம்பர் 4,200, டெயில் லேம்ப் 3,600, பெயின்ட் 7,000, டிங்கரிங்கும் கூலியும் 3,700. உங்களிடம் ஜீரோ டெப், அதாவது தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் கவர், இல்லை. அதனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம்: பம்பரில் 2,100, லேம்ப்பில் 1,800 போய்விடும். பெயின்ட் பில்லில் கால்வாசியைப் பொருள் விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 875. கூலியில் கழிவு கிடையாது. இதற்கு மேல், 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாக 1,000 ரூபாய் உங்கள் பங்கு. எல்லாம் போக கம்பெனி தருவது சுமார் 12,725.

இப்போது இழப்பைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி, அதாவது என்.சி.பி., 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். இப்போது நீங்கள் 45-இல் இருக்கிறீர்கள், வரும் புதுப்பித்தலில் 50. கிளெய்ம் வாங்கினால் அது பூஜ்யம், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து புதுப்பித்தல்களில் உங்களுக்கு விடுபடும் தள்ளுபடி 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். உங்கள் பாலிசியில் தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியம், 9,000 ரூபாய். ஆக இழப்பு 11,250, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 13,275. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கும். நடுவில் பெரிய விபத்து ஒன்று வந்து எப்படியும் கிளெய்ம் போட நேர்ந்தால் இந்தச் சேமிப்பு பாதியிலேயே நின்றுவிடும், அதுவும் உண்மைதான். இருந்தாலும் வாங்குவதும் இழப்பதும் ஏறக்குறைய ஒன்று. வெளியே ஒரு நல்ல டிங்கரிங் கடையில் இதே வேலையை எஸ்டிமேட்டைவிடக் குறைவாக முடித்துத் தருவார்கள். பம்பரை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். வொர்க்‌ஷாப்காரர் தானாக அதைச் சொல்ல மாட்டார்.

பாலிசியில் 'என்.சி.பி. புரொடெக்ட்' (கிளெய்ம் வாங்கினாலும் தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் கவர்) என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால் என் கணக்கு மொத்தமும் தலைகீழ், தாராளமாகக் கேளுங்கள்.

அடுத்தது ஓட்டியவர் விஷயம். இதில்தான் எனக்குக் கவலை. கிளெய்ம் படிவத்தில் கணவர் பெயரை எழுதவே எழுதாதீர்கள். பேஸ்மென்டில் கேமரா இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரே சாட்சி. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பொய்த் தகவல் என்று கம்பெனி கிளெய்மையே நிராகரித்துவிடும், யோசனை சொன்னவர் அப்போது உங்கள் பக்கம் நிற்க மாட்டார். உண்மையில் இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினாலும் தனியார் கார் பாலிசி செல்லும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-ஆம் விதிப்படி ஓட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமம் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். உங்கள் கணவர் பக்கத்தில் இருந்தார், சரி. 'எல்' ஒட்டியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பேஸ்மென்டுக்குள் எதற்கு என்று விட்டிருந்தால், கம்பெனிக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும். கிளெய்ம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்.

பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். யாருக்கும் காயமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு, சொத்துச் சேதத்தைக் குற்றமாக்க வேண்டுமானால் வேண்டுமென்றே அல்லது தெரிந்தே செய்திருக்க வேண்டும் என்கிறது. ரிவர்ஸில் கணக்குத் தவறியது அதில் வராது. ஆனால் நஷ்டஈடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சொத்துச் சேதத்துக்கும் மனு போடலாம். ஒரு கதவு கீறலுக்காக யாரும் அந்த வழியில் போவதில்லை, அலைச்சல் தாங்காது.

வாட்ஸ்அப் செய்திதான் சிக்கல். மூன்றாம் நபருக்கான பொறுப்பைக் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. பக்கத்து வீட்டுக்காரரின் சேதத்தை உங்கள் பாலிசியின் தலையில் போட நினைத்தால், கம்பெனி இந்தச் செய்தியை எடுத்துக் காட்டும். மூன்றாம் நபர் கிளெய்மால் என்.சி.பி. பாதிக்காது என்பதால் அந்த வழி நல்ல வழிதான், இப்போது அதில் ஒரு முள் விழுந்துவிட்டது. இந்தத் தொகைக்குக் கையிலிருந்து கொடுத்து முடிப்பதே மேல். ஆனால் 15,000 ரொக்கமாக வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய வொர்க்‌ஷாப்புக்கே போங்கள், பில்லைப் பார்த்து நேராகக் கடைக்குப் பணம் கட்டுங்கள். பழைய கீறல்களும் பில்லில் ஏறாமல் இருக்க இதுதான் வழி.

கட்டும்போது அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, அவருக்கு வசதியான மொழியில் எழுதட்டும். இவ்வளவு போதும்: 'இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள காரால் என் காருக்கு ஏற்பட்ட சேதம் முழுவதும் சரிசெய்து தரப்பட்டது. இதற்காக உங்கள் மீதோ உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதோ இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. இந்தச் சேதத்துக்கு என் பாலிசியில் நான் கிளெய்ம் பெறவில்லை.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்களிடமும் வாங்கி, தன் கம்பெனியிடமும் வாங்கினால், அந்தக் கம்பெனி பின்னால் உங்களிடம் கேட்டு வரலாம்.

இன்றே உங்கள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: இப்படி ஒரு சம்பவம், தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன், கிளெய்ம் பதிவு செய்ய வேண்டாம் என்று. விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்று பாலிசி சொல்கிறது. நாளைக்கு அவர் மனம் மாறித் தீர்ப்பாயத்துக்குப் போனால், 'எங்களிடம் சொல்லவே இல்லையே' என்று கம்பெனி கைவிரிக்காமல் இருக்க இந்த மின்னஞ்சல் உதவும். கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் கிளெய்ம் எண் கொடுத்துவிடுவார்கள். எழுத்தில் போவதே நல்லது.

இரண்டு மாதத்தில் வரும் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய என்.சி.பி. போய்விடும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் நிற்கும், புதுப்பிக்கும் முன் வண்டியைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். டென்டைச் சரிசெய்த பில்லை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.