கடைசியாக வருபவருக்குப் பின்னாலும் ஒருவர் வருவார்

அன்புத் தங்கைக்கு,

மான்செஸ்டருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், பக்கத்து வீட்டுப் பெண்மணி சனிக்கிழமை காலையில் பார்க்ரனுக்கு, அதாவது பூங்காவில் கூடி 5 கிலோமீட்டரை ஓடியோ நடந்தோ முடிக்கும் வாராந்திர நிகழ்ச்சிக்கு, வரும்படி இரண்டு முறை அழைத்தும் போகத் துணிவு வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓடியதே இல்லை, கடைசியாக வந்தால் எல்லோரும் நின்று பார்ப்பார்களே, கட்டணம் எவ்வளவு, யாராவது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது, ஐந்து வயது மகளை எங்கே விடுவது, விசா நிபந்தனையில் விளையாட்டைப் பற்றி ஒரு வரி இருக்கிறதே, அதனால் சிக்கல் வருமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரண்டு மூன்று மாதம் வீட்டருகே தனியாக ஓடிப் பழகிக்கொண்டு அப்புறம் போகலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஒரு எண்ணத்தால் நான் மூன்று ஆண்டுகளை வீணாக்கினேன்.

பழகிக்கொண்டு போக வேண்டாம். வரும் சனிக்கிழமையே போங்கள், நடந்தே முடியுங்கள்.

நான் 2015-இல் இந்த ஊருக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் பூங்காவில் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன். ஓடத் தெரிந்தவர்கள் கூடும் இடம் அது, நமக்கு அங்கே என்ன வேலை என்று கடந்துபோய்விடுவேன். ஒருநாள் நாமும் ஓடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியபோது, நீங்கள் நினைப்பது போலவே தனியாகப் பழகத் தொடங்கினேன். மாலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு மூன்றாவது விளக்குக் கம்பம் வரை ஓடுவேன். அதற்குள் மூச்சு வாங்கி விலா பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு, நான்கு மணி தாண்டியதும் இருட்டிவிடுகிற அந்த மாதங்களில் தனியாக வெளியே போக மனம் வரவில்லை. வசந்தம் வந்ததும் மறுபடி தொடங்குவேன், மறுபடி விட்டுவிடுவேன். இப்படியே போய், 2018-இல் என்னுடன் வேலை செய்த ஒரு பெண்மணி, இந்த வாரம் தன்னார்வலர்கள் போதவில்லை, நீ ஓட வேண்டாம், ஒரு வளைவில் நின்று வழிகாட்டினால் போதும் என்று கேட்டதால்தான் முதன்முதலாக அங்கே போய் நின்றேன்.

அன்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் மெலிந்த, வேகமான இளைஞர்கள் சிலர் வளைவைக் கடந்தார்கள். அவர்கள் போன பிறகு வந்தவர்களைத்தான் நான் அதுவரை கவனித்ததே இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி ஒரு தகப்பனார், பேசிக்கொண்டே நடந்த நான்கு நடுவயதுப் பெண்கள், பார்வையற்ற ஒருவரும் அவரோடு ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி ஓடிவந்தவரும், முழங்காலில் பட்டை கட்டியிருந்த கனத்த உடம்புக்காரர் ஒருவர். எல்லோருக்கும் கடைசியில் கைத்தடியோடு ஒரு மூதாட்டி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால், ஒளிரும் மேலாடை அணிந்த ஒருவர், அவரைவிட ஓர் அடி பின்தங்கியே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு டெயில் வாக்கர் என்று பெயர். ஒவ்வொரு வாரமும் ஒரு தன்னார்வலர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவார். ஆகவே நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் உங்களுக்குப் பின்னால் ஒருவர் இருப்பார். நீங்கள் வரும் முன்பே கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. பல இடங்களில் பார்க்வாக்கர் என்று இன்னொருவரும் இருப்பார். நடக்க வருகிறவர்களுக்குத் துணையாக நடப்பதே அவருடைய வேலை.

எல்லோரும் நின்று பார்ப்பார்களே என்கிறீர்கள். பார்ப்பார்கள்தான். கைதட்டுவார்கள், "வெல் டன்" என்பார்கள். முதல் வாரம் எனக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தக் கைதட்டல் முதலில் வருபவருக்கும் உண்டு, ஐம்பது நிமிடம் கழித்து வருபவருக்கும் உண்டு என்பதைக் கண்டபின் கூச்சம் போய்விட்டது. இது பந்தயம் இல்லை என்பதை அவர்கள் பேச்சுக்குச் சொல்லவில்லை. முதலில் வருபவரை வென்றவர் என்றுகூட அழைப்பதில்லை, முதலில் முடித்தவர் என்றே சொல்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக, பங்கேற்பவர்கள் முடிக்க எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நடப்பவர்களும் புதியவர்களும் பெருகியதற்கு அடையாளம் என்று அதை நடத்துகிறவர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள்.

இது தொடங்கிய விதத்தை அறிந்தால் உங்கள் தயக்கம் இன்னும் கொஞ்சம் குறையலாம். 2004 அக்டோபர் 2 அன்று, லண்டனின் தென்மேற்குப் பகுதியான டெடிங்டனில் உள்ள புஷி பூங்காவில், பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் தம் நண்பர்களைக் கூட்டி 5 கிலோமீட்டர் ஓட வைத்தார். அவர் ஓட்டக்காரர்தான், ஆனால் அப்போது காயம்பட்டு ஓட முடியாத நிலையில் இருந்தார். வாராவாரம் நண்பர்களைச் சந்திக்க ஒரு வழி வேண்டும் என்று தாம் ஓடாமல் நின்று மற்றவர்களுக்கு நேரம் குறித்தார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். முடித்த வரிசையைக் குறிக்க, இரும்புக் கடையில் கிடைக்கும் வாஷர்களில் எண்களைப் பதித்துக் கொடுத்தார்கள். தனிமையில் இருந்த ஒருவர் ஆட்களோடு சேர்ந்திருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. வந்து நான்கு மாதமாகியும் பேச ஆளில்லை என்று எழுதியிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தோன்றியது. இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது.

கட்டணம் எதுவும் இல்லை. ஒருமுறை இணையத்தில் பெயர், பிறந்த தேதி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் போன்ற விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்தால் உங்களுக்கென்று ஒரு பார்கோடு தருவார்கள். வாழ்நாள் முழுவதும் அதுவே போதும். எந்த ஊர்ப் பார்க்ரனிலும், எந்த நாட்டுப் பார்க்ரனிலும் அதைக் காட்டலாம். இலவசம் என்ற இந்தக் கொள்கையில் அவர்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2016-இல் பிரிஸ்டல் அருகே ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி மன்றம், பூங்காப் பாதையைப் பராமரிக்கப் பார்க்ரன் பணம் தர வேண்டும் என்று முடிவெடுத்தது. வருபவர்களிடம் காசு வாங்கும் நிலைக்கு இது கொண்டுபோய்விடும் என்று மறுத்து, அந்த இடத்து நிகழ்ச்சியையே நிறுத்திக்கொண்டார்கள். அன்று அது நாடு முழுவதும் பேசப்பட்டது. மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டையும் எண்ணிச் செலவழிக்கிற புதுக்குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பதால் அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

விசாவைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்தவர்கள், தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது என்பதுதான் அந்த வரியின் பொருள். விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்பவர்களுக்கான நிபந்தனை அது. சனிக்கிழமை காலையில் பூங்காவில் நடப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இங்கிலாந்தில் காலை 9 மணிக்குத் தொடங்கும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 9.30. நீங்கள் 8.40-க்கே போய்விடுங்கள். புதிதாக வந்தவர்களைத் தனியே அழைத்து, பாதை எப்படிப் போகிறது, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்குவார்கள். உங்கள் ஊரில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுச் சொல்கிறேன்: ஹீட்டன் பூங்காவில் ஏற்ற இறக்கம் அதிகம், பிளாட் ஃபீல்ட்ஸ் பூங்காவில் நடக்கும் சவுத் மான்செஸ்டர் பார்க்ரன் சமதரை. முதல் முறைக்குச் சமதரையே நல்லது. கூட்டத்தின் பின்பகுதியில் நின்றுகொள்ளுங்கள். முன்னால் நின்றால் வேகமாக ஓடுபவர்கள் இடித்துக்கொண்டு போக நேரும், உங்களுக்கும் அவர்களோடு ஓட வேண்டும் என்ற அவசரம் தொற்றிக்கொள்ளும். முதல் நூறு மீட்டரில் அந்த அவசரத்துக்கு இடம் கொடுத்தவர்கள்தான் பாதி வழியில் களைத்து உட்காருகிறார்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகிய வழியில் வரிசையாக நடக்கச் சொல்வார்கள். அங்கே யாரையும் முந்தக் கூடாது. வழியின் முடிவில் ஒருவர் எண் பொறித்த சிறிய பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கையில் வைப்பார். அதை எடுத்துக்கொண்டு, கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கும் தன்னார்வலரிடம் போனால், முதலில் உங்கள் பார்கோடையும் பிறகு டோக்கனையும் ஸ்கேன் செய்வார். டோக்கனை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நண்பகலுக்குள் பெரும்பாலும் உங்கள் நேரம் மின்னஞ்சலில் வந்துவிடும். பார்கோடு கொண்டுபோகாவிட்டால் ஓடத் தடையில்லை, நேரம் மட்டும் உங்கள் பெயரில் பதிவாகாது. நான் சேர்ந்தபோது தாளில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது, மழையில் நனைந்து மை கரைந்துவிடும். இப்போது கைபேசியில் காட்டினாலே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த டோக்கனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளைவில் நின்ற வாரத்துக்கு அடுத்த வாரம் நானே நடந்தேன். ஜனவரி மாதக் குளிர், விரல்கள் விறைத்திருந்தன. பார்கோடை ஸ்கேன் செய்துகொண்டு, பேச்சு சுவாரசியத்தில் டோக்கனைக் கோட்டுப் பையில் போட்டபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டும்போது அது கையில் தட்டுப்பட்டது. 274 என்ற எண். ஒரு டோக்கன் குறைந்தால் அடுத்த வாரக் கணக்கே குழம்பும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை, அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் குளிரில் இரண்டாவது வாரமும் போவதாக நான் முடிவு செய்திருக்கவில்லை. டோக்கனைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வாங்கிக்கொண்ட பெண்மணி என் பெயரைக் கேட்டு, எப்படி உச்சரிப்பது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மூன்றாவது வாரம் நான் அருகே போகும் முன்பே அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார். இந்த நாட்டில் வேலையிடத்துக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லி அழைத்த முதல் குரல் அவருடையது.

ஆங்கிலம் பற்றிய உங்கள் கவலைக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு விருந்துக்குப் போனால் நீண்ட பேச்சு பேச வேண்டும். இங்கே தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு சொற்கள், அதையும் வாராவாரம் அதே முகங்களிடம் பேசுகிறீர்கள். நடக்கும்போது மௌனமாக இருந்தாலும் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். இன்னும் கூச்சமாக இருந்தால் தன்னார்வலராகச் சேருங்கள். டோக்கன் கொடுப்பது, ஸ்கேன் செய்வது, வளைவில் நிற்பது எதற்கும் முன்னனுபவம் தேவையில்லை, அங்கேயே சொல்லித் தருவார்கள். ஒரே காலையில் இருநூறு பேரிடம் "வெல் டன்" சொல்லிப் பாருங்கள், பன்னிரண்டாவது ஆளுக்கு மேல் நாக்கு தயங்காது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்றுபோன பார்க்ரன், இங்கிலாந்தில் 2021 ஜூலை 24 அன்று மறுபடி தொடங்கியபோது நான் ஸ்கேன் செய்யும் இடத்தில் நின்றேன். பதினாறு மாதம் பார்க்காத முகங்கள் ஒவ்வொன்றாகப் பார்கோடை நீட்டிக்கொண்டு வந்தபோது என் கண்கள் கலங்கியதை மறைக்க முடியவில்லை.

மகளை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, அழைத்தே வரலாம். நான்கு வயது நிறைந்த குழந்தைகள் கலந்துகொள்ளலாம். அவளுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 11 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் எப்போதும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு 5 கிலோமீட்டர் நீளம்தான் என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் 4 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்காக ஜூனியர் பார்க்ரன் நடக்கிறது, 2 கிலோமீட்டர்தான். அவளை அங்கே அழைத்துப் போங்கள், சனிக்கிழமையைக் கணவரின் ஷிஃப்ட் பார்த்து உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனி உடை எதுவும் வாங்க வேண்டாம், நடக்க வசதியான எதுவும் சரி. பருத்தி மட்டும் மழையில் நனைந்தால் கனத்து உடம்பைக் குளிரவைத்துவிடும். செலவழிப்பதென்றால் நல்ல காலணிக்குச் செலவழியுங்கள். நெஞ்சுவலி, ஆஸ்துமா, சர்க்கரை நோய் ஏதேனும் இருந்தால் முதலில் ஜிபி-யிடம், அதாவது உங்கள் பொதுமருத்துவரிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். அவரே உற்சாகப்படுத்தவும் கூடும். 2018 முதல் பொதுமருத்துவர்களின் ராயல் கல்லூரியும் பார்க்ரனும் சேர்ந்து, மருத்துவ நிலையங்களை அருகிலுள்ள பார்க்ரனோடு இணைக்கும் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. ஓடவும் வேண்டும் என்ற ஆசை பிறந்தால், இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் 'கவுச் டு ஃபைவ் கே' செயலி, ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்கி ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடவைக்கும். எனக்கு அதற்குப் பதினாறு வாரம் ஆனது. அந்த வாரங்களில் சனிக்கிழமைகளை மட்டும் விடவில்லை.

மழை பெய்தாலும் நடக்கும். பாதையில் பனி உறைந்திருந்தாலோ, பூங்காவில் வேறு நிகழ்ச்சி இருந்தாலோ ரத்து செய்வார்கள். வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை காலையிலும் அந்த இடத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இன்றே பதிவு செய்துவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் இந்த வாரம் நானும் வருகிறேன், நடக்கத்தான் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா