அப்பா என்ன சொன்னார்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர் என் அப்பா. வயது 63. மல்டிபிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய். இரண்டு வருடம் மருந்து கேட்டது. இப்போது நோய் திரும்பிவிட்டது. புது மருந்து ஆய்வில் சேரலாம் என்று டாக்டர் பதினெட்டுப் பக்கத் தாள் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். "உங்கப்பனை எலியாக்கப் பார்க்கிறாங்க" என்கிறார் மாமா. சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்வார்களாம். அதில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுந்தால் என்ன செய்வது? — ஒரு மகள்

பதில்: சகோதரி, மாமாவைக் கோபிக்காதீர்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று கேட்காமல் போய் நின்ற தலைமுறை. ஆய்வு அப்படியல்ல. வேண்டாம் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது.

வெறும் மாத்திரைக்கு வருவோம். புற்றுநோயில் வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது அபூர்வம். வெனெட்டோக்லாக்ஸ் என்ற மாத்திரையை இதே மயலோமாவுக்குச் சோதித்தார்கள். மொத்தம் 291 பேர். வழக்கமான இரண்டு மருந்துகள் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் 194 பேருக்குப் புது மாத்திரை, 97 பேருக்கு வெறும் மாத்திரை. புது மாத்திரை நோயை அதிக நாள் அடக்கி வைத்தது. ஆனால் சாவும் அந்தப் பக்கம்தான் கூடுதல்: 194 பேரில் 41, வெறும் மாத்திரைப் பக்கம் 97 பேரில் 11. 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. புதுசு என்றால் நல்லது என்று நினைக்கும் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

மாமாவிடம் இமாடினிப் என்ற மாத்திரையின் கதையைச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு நாள்பட்ட இரத்தப் புற்று வகை ஒன்றில் 1,106 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, மீதிப் பேருக்குப் பழைய ஊசி மருந்துகள் என்று கொடுத்தார்கள். பழையது ஒத்துக்கொள்ளாவிட்டால் புதியதற்கு மாறலாம் என்று விதியிலேயே இருந்தது. பழைய மருந்துப் பக்கம் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாறினார்கள். இன்று அந்த நோய்க்காரர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "பழைய மருந்துப் பக்கம் விழுந்து நோய் கூடினால், புது மருந்துக்கு மாற்றுவீர்களா?" அப்புறம், இந்த ஆய்வு எத்தனையாவது கட்டம்? முதல் கட்டம் என்றால் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. மூன்றாவது என்றால் பழையதோடு ஒப்பீடு. இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பது எத்தனை தடவை? மாதம் எத்தனை நாள் பயணம், பஸ் காசு யார் கொடுப்பது? மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? அரசாங்க மருத்துவமனை என்றால் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை தாள் வீட்டிலேயே இருக்கட்டும், அவசரமில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமா சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது. அப்பா சொன்னது எங்கே? ஊசி ஏறப்போவது அவர் கையில்.

படிக்க வராதவருக்கு, புரியும் மொழியில் முழுவதையும் சொல்லி விளக்கியாக வேண்டும். ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரும் கூடவே இருக்க வேண்டும், விதி அப்படி. அந்தச் சாட்சியாக மாமாவையே அழைத்துப் போங்கள். எலிக் கேள்வியை அவர் நேராக டாக்டரிடமே கேட்கட்டும்.