பெஞ்ச்ல சரி, வால்வுல தப்பு

கேள்வி: சார், நான் மணலி பக்கம் ஒரு பிளான்ட்ல இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். கன்ட்ரோல் வால்வோட பொசிஷன் டிரான்ஸ்மிட்டரை (வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு 4லேருந்து 20 மில்லிஆம்ப் சிக்னலா சொல்ற கருவி) கழட்டி ஒர்க்‌ஷாப்ல செக் பண்ணா 4, 12, 20 மில்லிஆம்ப் அச்சு மாதிரி வருது. திரும்ப வால்வுல மாட்டி 0, 100 செட் பண்ணிட்டு, நடுவுல 50%ல நிறுத்தினா 12.8 காட்டுது. டிரான்ஸ்மிட்டர் போச்சா? புதுசு கேக்கலாமா?

பதில்: கேக்காதீங்க தம்பி, அது நல்லாதான் இருக்கு. பெஞ்ச்ல நீங்க ஷாஃப்டை கையால சுத்துறீங்க, அங்க டெஸ்ட் ஆகுறது உள்ள இருக்குற சென்சாரும் போர்டும் மட்டும்தான். வால்வுல ஸ்டெம், அதாவது வால்வை திறந்து மூடுற தண்டு, நேரா மேல கீழ போகுது, அதோட சேர்ந்த டிரான்ஸ்மிட்டர் லீவர் வட்டமா சுத்துது, ரெண்டுத்துக்கும் ஒத்துப்போகணும்னா பாதி தூரத்துல லீவர் ஸ்டெம்முக்கு 90 டிகிரில இருக்கணும். உங்களுது வால்வு மூடியிருக்கும்போதே 90ல இருக்குன்னு நினைக்கிறேன், ஏன்னா அப்படி மாட்டினா முதல் பாதில லீவர் அதிகமா திரும்பும், ரெண்டாவது பாதில கம்மியா திரும்பும், அதனாலதான் நடுவுல 12க்கு பதிலா 12.8. ஜீரோவையும் (0% செட்டிங்) ஸ்பானையும் (100% செட்டிங்) எத்தனை தடவை திருகினாலும் நடு மாறாது.

சரி பண்றது ஈசி, ஆனா விரல் போற இடம் இதுதான். பல பேர் காத்து கொடுத்து வால்வை 50%ல நிறுத்திட்டு லீவர்ல கை வைக்கிறாங்க, சிக்னல் ஒரு நொடி கட்டானா ஸ்பிரிங் வால்வை தள்ளிடும், விரல் நடுவுல மாட்டிக்கும். அதுக்கு பதிலா ஸ்கேல்ல ஸ்ட்ரோக்கை, அதாவது ஸ்டெம் போற மொத்த தூரத்தை, பாத்து வச்சுக்கங்க, 40 மில்லிமீட்டர்னா அதுல பாதி 20. அப்புறம் ஏர் லைனை மூடி பூட்டு போட்டு, மிச்ச காத்தை இறக்கி, கேஜ் பூஜ்யம் வந்ததை கண்ணால பாத்துட்டு, டிரான்ஸ்மிட்டர் பிராக்கெட்டை வால்வு திறக்கும்போது ஸ்டெம் போற திசையில 20 தள்ளி டைட் பண்ணுங்க. காத்து விட்டு ஜீரோ, ஸ்பான் திரும்ப போட்டா நடு 12ல உக்காரும். 25%ல 8க்கு பதிலா 7.9 மாதிரி வரலாம், அது லீவரோட இயல்பு, சில ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர்ல அதை திருத்துற செட்டிங்கும் இருக்கு. ஏறும்போது 0, 25, 50, 75, 100னு 5 பாயிண்ட், இறங்கும்போதும் அதே 5 எடுங்க, ரெண்டுத்துக்கும் வித்தியாசம் வந்தா லிங்க் பின் லூஸ்.

இதுக்கெல்லாம் முன்னாடி கன்ட்ரோல் ரூமுக்கு சொல்லி பெர்மிட் வாங்கணும், அந்த சிக்னல் ஏதாவது இன்டர்லாக்குக்கு (ஆபத்துன்னா பிளான்ட்டை தானா நிறுத்துற பாதுகாப்பு அமைப்பு) போகுதான்னு கேளுங்க. போகுதுன்னா அவங்க முறையா பைபாஸ் போட்டாதான் கை வைக்கணும், இல்லன்னா நீங்க ஸ்பான் பாக்க 20 அனுப்ப பிளான்ட்டே டிரிப் ஆகும், அப்புறம் ஷிப்ட் இன்ஜினியர் உங்களை தேடி வருவார் பாருங்க! கேஸ் ஏரியால டிரான்ஸ்மிட்டரோட ஃபிளேம்ப்ரூஃப் மூடியை (உள்ள வர்ற தீப்பொறி வெளிய போகாம தடுக்குற மூடி) கரன்ட் இருக்கும்போது திறக்கவே கூடாது, ரெண்டே நிமிஷ வேலைன்னாலும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப் பெஞ்ச்ல 24 வோல்ட் சப்ளைல நேரா கனெக்ட் பண்ணா ஹார்ட் (HART) கம்யூனிகேட்டர், அதே ரெண்டு ஒயர் வழியா டிரான்ஸ்மிட்டரோட பேசுற கைக்கருவி, டிவைஸே இல்லங்குது. மீட்டர் ஃபியூஸும் அடிக்கடி போகுது.

பதில்: லூப்ல ரெசிஸ்டர் இல்லாததால சப்ளையே ஹார்ட் சிக்னலை முழுங்கிடுது. சீரிஸ்ல 250 ஓம் போடணும், ரிச்சி ஸ்ட்ரீட்ல 270 கேட்டா எல்லா கடைலயும் கிடைக்கும், அதுவே போதும், 20 மில்லிஆம்ப்ல 5.4 வோல்ட்தான் அதுல போகும். கம்யூனிகேட்டரை ரெசிஸ்டருக்கு குறுக்கயோ டிரான்ஸ்மிட்டருக்கு குறுக்கயோ மாட்டுங்க, சப்ளைக்கு குறுக்க வேணாம். ஃபியூஸ் போறதுக்கு காரணம் சிவப்பு ஒயரை மில்லிஆம்ப் ஓட்டைல வச்சபடியே வோல்ட் பாக்குறது, அது நேரடி ஷார்ட். 24 வோல்ட்ல ஃபியூஸோட போச்சு, அதே மீட்டரை அப்படியே கொண்டுபோய் 230ல வச்சா கைலயே வெடிக்கலாம். மில்லிஆம்ப் பாத்து முடிச்ச கையோட ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாத்துங்க, மீட்டரை கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே.