பட்டம் வாங்கிய பிறகும் எட்டுத் தேர்வா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகள் டப்ளினில் சட்டப் பட்டம் முடித்தும் இன்னும் புத்தகமும் கையுமாகவே இருக்கிறாள் என்று வருத்தப்பட்டீர்கள். "நம்ம ஊர்ல எல்.எல்.பி. முடிச்சு, பார் கவுன்சில்ல பதிஞ்சு, அப்புறம் ஒரே ஒரு பரீட்சை எழுதினா போதுமே. இங்க பல்கலைக்கழகத்துக்கு மேல யாரு இந்த லா சொசைட்டி?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவள் ஆக விரும்பும் சொலிசிட்டர், கட்சிக்காரரின் பத்திரம், உயில், வழக்கு வேலைகளை நேரடியாகக் கவனிக்கும் வக்கீல். அந்த வக்கீல்களின் சங்கம்தான் லா சொசைட்டி.

நீங்கள் வீடு வாங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். வங்கி கொடுத்த கடன் பணம் உங்கள் கைக்கு வரவில்லை, சொலிசிட்டரின் கணக்குக்குப் போனது. பத்திரம் சரியாக இருக்கிறது, வங்கியின் உரிமையைப் பதிவு செய்து தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை நம்பித்தான் வங்கி பணத்தை விட்டது. உங்கள் வாழ்நாள் சேமிப்பும் லட்சக்கணக்கான யூரோ கடனும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் சில நாள் இருந்தன. அன்றைக்கு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியதற்குப் பின்னால் இந்த அயர்லாந்து லா சொசைட்டியின் வேலை இருக்கிறது. கட்சிக்காரர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதி செய்வது அது. அலுவலகத்துக்கே ஆள் அனுப்பிக் கணக்கைப் பார்ப்பதும் அதுதான். ஆண்டுதோறும் அது தரும் சான்றிதழ் இல்லாமல் ஒரு சொலிசிட்டர் தொழில் செய்ய முடியாது. எவராவது நேர்மை தவறிக் கட்சிக்காரர் பணத்தை எடுத்துவிட்டால் ஈடு கொடுக்க ஒரு நிதியும் வைத்திருக்கிறது. அந்த நிதிக்குப் பணம் கட்டுபவர்கள் மற்ற சொலிசிட்டர்கள்தான். (சொலிசிட்டர் மீதான புகார்களை மட்டும் 2019 அக்டோபரிலிருந்து தனி ஆணையம் ஒன்று வாங்குகிறது.)

இவ்வளவு நம்பிக்கையை ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன் அந்தச் சங்கம் தானே சோதித்துப் பார்க்க நினைப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். அதற்குத்தான் எஃப்.இ.-1 என்ற எட்டுத் தாள்கள்: அரசியலமைப்பு, ஒப்பந்தம், குற்றவியல், தீங்கியல், நிலச் சொத்து, ஈக்விட்டி (நியாயநெறிச் சட்டம்), கம்பெனிச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது, எட்டையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இரண்டு தாள் போய்விட்டது என்று அவள் அழுதாள் என்றீர்கள். இந்தத் தேர்வில் அது சாதாரணம். தயவுசெய்து பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

தேர்வைவிட எனக்குக் கவலை டிரெய்னிங் கான்ட்ராக்ட், அதாவது பயிற்சி ஒப்பந்தம்தான். தேர்வில் தேறியபின், டப்ளின் பிளாக்ஹால் பிளேஸில் சங்கமே நடத்தும் தொழிற்பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு பயிற்சியும் பெற வேண்டும். அந்த இடத்தை அவளேதான் தேடிப் பிடிக்க வேண்டும். டப்ளின் பெரிய நிறுவனங்கள் பல வகுப்புக் கட்டணத்தையும் கட்டிச் சம்பளமும் தருகின்றன, ஆனால் அங்கே போட்டி கடுமை, ஆளையும் வெகு முன்னதாகவே எடுத்துவிடுவார்கள். சின்ன ஊர்களில் இரண்டு மூன்று பேர் நடத்தும் அலுவலகங்களை அவள் திரும்பியே பார்க்கவில்லை. அங்கே கட்டணத்துக்கு உதவி கிடைக்காமல் போகலாம். ஆனால் உயில், வீடு விற்பனை, விவாகரத்து, மாவட்ட நீதிமன்றம் என்று எல்லாவற்றையும் முதல் வருடத்திலேயே கையால் தொட்டுப் பழகலாம். அவள் சுபாவத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க, பெரும்பாலும் இணைய வழியில் நடக்கும் வகுப்பும் உண்டு.

கோர்ட்டில் கவுன் போட்டு வாதாடும் பாரிஸ்டர் ஆகலாமே என்று அவள் அப்பா கேட்டார். அது கிங்ஸ் இன்ஸ் என்ற பாரிஸ்டர் பயிற்சி நிறுவனத்தின் வழி. தொடக்க ஆண்டுகளில் வருமானம் நிச்சயமில்லை. குடும்பத்தில் ஒரே சம்பளம் இருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பெண் பிள்ளைக்கு இது தாங்குமா என்றும் கேட்டீர்கள். 1923-இல் மேரி டொரோதியா ஹெரன் என்ற பெண் அயர்லாந்தின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவானார். இன்று இங்கே தொழில் செய்யும் சொலிசிட்டர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம்.

இப்போதைக்கு இரண்டு வேலை. விட்டுப்போன இரண்டு தாளுக்கு மட்டும் அடுத்த முறை பணம் கட்டச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் உள்ள சொலிசிட்டர் அலுவலகங்கள் பத்தின் பெயரை எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை மாலை என்னிடம் வரச் சொல்லுங்கள். விண்ணப்பக் கடிதத்தை இருவருமாக உட்கார்ந்து எழுதுகிறோம்.